நாற்று நல்லதுதான், வயலைப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் உரிமையாளர் வுடி ஜான்சன், பொது மேலாளர் டேரன் மூஜி, தலைமைப் பயிற்சியாளர் ஆரன் கிளென் ஆகியோருக்கு ரசிகர்கள் எழுதும் திறந்த மடல்

பிப்ரவரி 2026

வணக்கம்.

இந்த மாதம் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் கோப்பையை ஏந்திய சியாட்டில் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், சாம் டார்னல்ட். 2018-இல், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மூன்றாவது பிக்காக (மூன்றாவது தேர்வாக) அவரை எடுத்தது நம் அணி. மூன்று பருவம் முடிந்ததும் கரோலைனாவுக்குத் தள்ளிவிட்டதும் நம் அணியே. சென்ற ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா கோப்பை வென்றபோது அந்த அணியின் வலது கார்டாக, அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐவரில் ஒருவராக, நின்றவர் மெக்கை பெக்டன். 2020-இல் பதினோராவது பிக்காக நாம் எடுத்த பையன். அதற்கும் முன்னால், 2013-இல் இரண்டாம் சுற்றில் நாம் எடுத்த ஜீனோ ஸ்மித், 2022-இல் சியாட்டிலில் ‘மீண்டு வந்த வீரர்’ விருதை வாங்கினார். நாற்றங்கால் நம்முடையது, அறுவடை அடுத்தவன் வயலில்.

2010 பருவத்துக்குப் பிறகு பிளேஆஃப் என்னும் கோப்பைச் சுற்றுகளின் வாசலை நாம் மிதிக்கவில்லை. பதினைந்து பருவம். இதற்கு ‘ஜெட்ஸுக்கு ஆள் பார்க்கத் தெரியாது’ என்று ஊரெல்லாம் காரணம் சொல்கிறார்கள். மேலே சொன்ன மூன்று பெயர்களும் அது பாதிப் பொய் என்று காட்டுகின்றன. பார்த்து எடுத்தவர்களில் பலர் தேறக்கூடியவர்கள்தான். தேறுவதற்கான இடமாக நம் அணி இருக்கவில்லை. அடுத்த பதினைந்து மாதங்களில் நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு உண்மையை வைத்து உரசிப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தமிழில் எழுதிய மடலை ஃப்ளோரம் பார்க் அலுவலகத்தில் யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பது நியாயம்தான். நம் மைதானம் இருப்பது நியூஜெர்சியில். அந்த மாநிலத்தில் தமிழ் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு மதியம் அங்கே என்ன பாஷையில் புலம்புகிறார்கள் என்பதை நிர்வாகம் ஒரு முறையாவது விசாரிக்கட்டும்.

இந்த விளையாட்டைப் பழகாத வாசகர்களுக்கு மட்டும் இரண்டு வரி. இங்கே கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் ஏலம் எடுப்பதில்லை. ஒவ்வோர் ஏப்ரலிலும் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் வரிசையாக ஆள் தேர்ந்தெடுக்கின்றன; முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முன்னால் நிற்கும். அந்த வரிசை இடத்துக்குத்தான் பிக் என்று பெயர். பிக்கை விற்கலாம், வாங்கலாம், அடுத்த ஆண்டுக்குரியதையும் சேர்த்துப் பேரம் பேசலாம். எடுத்த பையனின் சம்பளம் நான்கு ஆண்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. 2025-இன் முதல் பிக்கான கேம் வார்டுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 4.88 கோடி டாலர். டாலஸின் டாக் பிரெஸ்காட் ஓர் ஆண்டுக்கே சராசரியாக 6 கோடி வாங்குகிறார். அணி மொத்தத்துக்கும் செலவு வரம்பு, அதாவது கேப், 2025-இல் 27.92 கோடி. இந்த இடைவெளியில்தான் நலிந்த அணிகள் எழுந்து நிற்கின்றன.

இனி உங்கள் கையிருப்பைப் பார்ப்போம். கடந்த நவம்பரில் சாஸ் கார்ட்னரை இண்டியானாபொலிஸுக்கும் குவின்னன் வில்லியம்ஸை டாலஸுக்கும் கொடுத்தீர்கள். இரண்டு பேரும் நம் அணியின் ஆகச் சிறந்த பிக்குகள் என்பதால் வயிறு எரிந்தது. ஆனாலும் விலை நல்ல விலை. இரண்டு பேரத்திலும் வந்ததையும் நம்முடையதையும் கூட்டினால் 2026-இல் இரண்டு, 2027-இல் மூன்று என ஐந்து முதல் சுற்றுப் பிக்குகள். டாலஸின் 2026 இரண்டாம் சுற்றுப் பிக் தனி. கார்ட்னரை வாங்கிய நாளில் இண்டியானாபொலிஸ் 7 வெற்றி, 2 தோல்வியில் இருந்தது. அப்போது அவர்கள் பிக் முதல் சுற்றின் கடைசிக்குப் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த அணி 8-9 என்று சரிந்து, அது 16-ஆவது பிக்காக நம் மடியில் விழுந்திருக்கிறது. நம்முடைய 3-14 பருவம் தந்தது இரண்டாவது பிக்.

அடுத்தவர் அணியின் எதிர்காலப் பிக்கை வாங்கி வைப்பதில் இருக்கும் லாபம் இதுதான். முன்பும் நமக்கு இப்படி நடந்திருக்கிறது. 2020-இல் ஜமால் ஆடம்ஸை சியாட்டிலுக்கு விற்றபோது வந்த இரண்டு முதல் சுற்றுப் பிக்குகளில் ஒன்று 2022-இல் பத்தாவது இடமாக மாறியது. அந்தப் பிக்கில்தான் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் கேரட் வில்சன் வந்தார்.

விற்பதில் நாம் மோசமில்லை. வாங்கும்போதுதான் கை நடுங்குகிறது.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் பயிற்சியாளராக இருந்த ஜிம்மி ஜான்சனின் குழு போட்ட பிக் மதிப்புப் பட்டியல் உங்களுக்கு மனப்பாடம்: முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, மூன்றாவது 2200, ஆறாவது 1600, பதினாறாவது 1000. ஆறிலிருந்து மூன்றுக்கு ஏற நாம் கொடுத்தவை 6, 37, 49 ஆகிய மூன்று பிக்குகளும் 2019-இன் இரண்டாம் சுற்றுப் பிக்கும். முதல் மூன்றின் மதிப்பு மட்டும் 1600, 530, 410, ஆக 2540. வாங்கியதோ 2200. கூடுதலாகக் கொடுத்த 340 புள்ளியே இரண்டாம் சுற்றின் பிற்பகுதிப் பிக் ஒன்றுக்குச் சமம். அதற்கு மேலே அடுத்த ஆண்டுப் பிக் வேறு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து பார்த்துவிட்டே ஆற்றில் போட்டோம்.

அந்தப் பக்கம் என்ன ஆனது? ஆறாவது பிக்கில் இண்டியானாபொலிஸ் எடுத்த கார்டு குவென்டன் நெல்சன் முதல் மூன்று பருவமும் பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தார். 37-இல் எடுத்த பிரேடன் ஸ்மித் பல ஆண்டுகள் வலது டேக்கிளாக, அதாவது சுவரின் வலது முனையில், நின்றார். அதாவது, நாம் ஒரு இளம் குவார்ட்டர்பேக்கை வாங்கக் கொடுத்த விலை, அந்த இளைஞனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சுவராக நிற்கும் இரண்டு லைன்மேன்கள். சுவரை விற்றுச் சித்திரம் வாங்கியிருக்கிறோம். 2019 அக்டோபரில் பேட்ரியட்ஸுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டத்தில் ‘எனக்குப் பேய்கள் தெரிகின்றன’ என்று டார்னல்ட் சொன்னது மைக்கில் பதிவாகி நாடே சிரித்தது. முன்னால் சுவர் இல்லாதவனுக்குப் பேய் தெரியாமல் வேறென்ன தெரியும்?

பட்டியல்படி நியாயமான பேரம்கூடத் தோற்கலாம் என்பதற்கு 2021 சாட்சி. அலைஜா வெரா-டக்கருக்காக 23-இலிருந்து 14-க்கு ஏறினோம். கொடுத்தவை 23, 66, 86. வந்தவை 14, 143. கணக்கு ஏறக்குறைய நேர், யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் 23-ஆவது இடத்தில் மினசோட்டா எடுத்தது கிறிஸ்டியன் டாரிசா என்ற லெஃப்ட் டேக்கிளை. கூடவே மூன்றாம் சுற்றுப் பிக் இரண்டு அவர்களுக்கு மிச்சம். வெரா-டக்கர் நல்ல ஆட்டக்காரர், ஆனால் ட்ரைசெப்ஸ், குதிகால் நாண், மறுபடியும் ட்ரைசெப்ஸ் என்று காயத்தில் பருவங்கள் கரைந்தன. காயத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. முடியாது என்பதால்தான் ஒரே சீட்டில் எல்லாப் பணத்தையும் கட்டக் கூடாது.

பொருளாதார அறிஞர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் இந்த டிராஃப்டையே ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரே ஆட்ட இடத்தில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு பேரில், முதலில் எடுக்கப்பட்டவர் சிறப்பாக ஆடும் வாய்ப்பு சுமார் 52 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட இரண்டு விழுக்காடு மேல். ‘இவன்தான் வேண்டும், இவனை விட்டால் வேறு ஆள் இல்லை’ என்று டிராஃப்ட் அறையில் யாராவது மேசையைத் தட்டும்போது இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். மேலே ஏறாதீர்கள். யாராவது மேலே வர விரும்பினால் விலை சொல்லுங்கள். இரண்டிலிருந்து ஆறுக்கு இறங்க 1000 புள்ளி வர வேண்டும். அது நம்மிடமுள்ள 16-ஆவது பிக்கின் விலை. அதற்குக் குறைத்துக் கேட்பவரிடம் போனை வைத்துவிடலாம்.

சுவர் விஷயத்தில் நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நம் அணியே ஒரு முறை சரியாகச் செய்திருக்கிறது. 2006-இல் நான்காவது பிக்கில் லெஃப்ட் டேக்கிள் டிபிரிக்கஷா ஃபெர்குசன், 29-இல் சுவரின் நடுவில் நிற்கும் சென்டர் நிக் மாங்கோல்ட். ஃபெர்குசன் பத்துப் பருவத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. தாக்குதல் வரிசை களத்தில் நின்ற ஆட்ட நகர்வுகளில் அவர் வெளியில் இருந்தது ஒரே ஒரு முறை. மாங்கோல்ட் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு ஏழு முறை போனார். சென்ற அக்டோபரில் 41 வயதிலேயே அவர் காலமானது இந்த அணியை நேசித்த எல்லோருக்கும் பேரிழப்பு. அந்த இருவருக்குப் பின்னால் 2009-இல் ஒரு புதுமுகக் குவார்ட்டர்பேக்கை நிறுத்தினோம். மார்க் சான்செஸ் அந்தப் பருவத்தில் 12 டச்டவுன் வீசி 20 பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார். அப்படி ஆடியும் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சூப்பர் பௌலுக்கு முந்தைய படியான ஏஎஃப்சி இறுதிப் போட்டி வரை போனோம். 2007-இல் எடுத்த டெரல் ரெவிஸ் தற்காப்பில் ஒரு பாதியையே பூட்டி வைத்திருந்தார் என்பதும் காரணம். வீடு ஒழுங்காக இருந்தால் குவார்ட்டர்பேக் தடுமாறினாலும் வீடு நிற்கும். டார்னல்டுக்கும் 2021-இல் எடுத்த குவார்ட்டர்பேக் சாக் வில்சனுக்கும் நாம் கொடுத்தது குருவி தலையில் பனங்காய்.

சாக் வில்சன் கதையில் ஆள் பார்ப்பதிலும் பிழை இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. 2020-இல் கொரோனாவால் ஆட்ட அட்டவணை கலைந்து, அவரது பிஒய்யு பல்கலைக்கழகம் கிடைத்த அணிகளோடு ஆடியது. பெரும்பாலும் எளிய எதிரிகள். பிறகு 2021 மார்ச்சில் கல்லூரி வீரர்கள் என்எஃப்எல் அணிகளுக்குத் திறமை காட்டும் ப்ரோ டே நிகழ்ச்சியில் வில்சன் இடப்பக்கம் ஓடியபடியே குறுக்கே வெகுதூரம் ஒரு பந்து வீசினார். அந்த வீடியோவைப் பார்த்து ஊரே மயங்கியது. அங்கே எதிரே பாய்ந்து வர ஒருவரும் இல்லை, தலைக்கவசமும் இல்லை. டிராஃப்ட் வரிசையில் ஏழாவது இடத்தில் டெட்ராயிட் காத்திருந்த நேரம் அது. நாம் இரண்டாவது பிக்கில் வில்சனை எடுத்தோம். டெட்ராயிட் டேக்கிள் பெனே சூவலை எடுத்தது.

எனவே குவார்ட்டர்பேக் வேட்டையில் ஆள் தேடும் உங்கள் சாரணர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று அளவுகள். எதிரணி நெருக்கும்போது அந்தப் பையன் எத்தனை முறை சாக் ஆகிறான், அதாவது பந்தை வீசும் முன் வீழ்த்தப்படுகிறான், என்ற விகிதம் முதலாவது. கல்லூரியில் நெருக்கடியில் பந்தோடு விழுபவன் இங்கேயும் விழுவான்; லைன் மாறினாலும் இந்தப் பழக்கம் பெரிதாக மாறுவதில்லை. சிகாகோவில் 2022-இல் 55 முறை சாக் ஆன ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு நீங்கள் 2025-இல் இரண்டு ஆண்டுக்கு 4 கோடி டாலர் கொடுத்து, அதில் 3 கோடியை உறுதிப்படுத்தி, நவம்பரில் பெஞ்சில் உட்காரவைத்தபோது இதை நேரில் பார்த்தீர்கள். இரண்டாவது, மூன்றாம் டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஏழு கெஜத்துக்கு மேல் தேவைப்படும்போது எங்கே வீசுகிறான் என்பது. மூன்றாவது, எத்தனை ஆட்டம் தொடங்கியிருக்கிறான் என்பது. குறைவாக ஆடியவனை எடுத்தால் ஓராண்டு உட்கார வைக்கும் மனம் வேண்டும். ப்ரோ டே வீடியோ இந்த மூன்றில் எதையும் சொல்லாது.

இந்த ஏப்ரலில் அந்த வேட்டைக்கு இடமே இல்லை என்பது எங்கள் எண்ணம். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதும் தேசியக் கோப்பையும் வென்ற, இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ மெண்டோசா இந்த ஆண்டு டிராஃப்ட் வகுப்பின் தலைமகன். முதல் பிக் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிடம் இருக்கிறது. அவர்களுக்கும் குவார்ட்டர்பேக் வேண்டும். ஓரிகானின் டான்டே மூர் கல்லூரிக்கே திரும்பிவிட்டார். டெக்சஸின் ஆர்ச் மேனிங்கும் அப்படியே. இருக்கிற இரண்டாம் வரிசைப் பையன்களில் ஒருவரைப் பதற்றத்தில் இரண்டாவது பிக்கில் எடுப்பது 2021-ஐத் திரும்ப நடத்துவதாகும். அடுத்த ஆண்டு வகுப்பு இதைவிட வலுவாகத் தெரிகிறது. அப்போது நம் கையில் மூன்று முதல் சுற்றுப் பிக்குகள். இந்த ஆண்டு ஓராண்டு ஒப்பந்தத்தில் ஓர் அனுபவசாலியை வைத்து ஓட்டுங்கள். அதற்குள் லைன் கூடட்டும்.

லைனில் பாதி வேலை முடிந்திருப்பது ஆறுதல். 2024-இல் ஓலு ஃபஷானு, 2025-இல் ஏழாவது பிக்கில் ஆர்மண்ட் மெம்பூ என இரண்டு முனையிலும் டேக்கிள்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களை இடம் மாற்றாதீர்கள். வலமும் இடமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுதான் என்று வெளியிலிருந்து தோன்றும். முதல் அடி எடுத்துவைக்கும் கால் மாறும், எதிரியின் மார்பைத் தாங்கும் கை மாறும், பக்கத்தில் நிற்கும் ஆள் மாறுவான். பெக்டனை இடதிலிருந்து வலதுக்கு மாற்றிய 2022 முகாமில் முழங்கால் போய் அந்தப் பருவமே போனது. காயத்துக்கு மாற்றம்தான் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் பிலடெல்பியாவில் லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவரைக் கார்டாக நிறுத்தி, நிலையான நால்வர் நடுவே விட்டபோது என்ன நடந்தது என்று பார்த்தோம். லைனில் ஐந்து பேர் தனித்தனியாகத் திறமைசாலிகளாக இருந்தால் போதாது. எதிரணியின் தற்காப்பு லைன்மேன்கள் இருவர் குறுக்கே இடம் மாறி ஓடும்போது, ‘இவன் உன்னவன், அவன் என்னவன்’ என்று கண் இமைக்கும் நேரத்தில் கைமாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் யார் நிற்கிறான் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். நடுவில் சென்டரும் கார்டுகளும் நிலைக்காவிட்டால் நல்ல டேக்கிள்கள் இருந்தும் பயனில்லை, குவார்ட்டர்பேக்கின் முகத்துக்கு நேரேதான் ஆள் வருவான்.

தற்காப்பு வேறு கதை. 2025 பருவம் முழுக்க எதிரணி வீசிய பந்தில் ஒன்றைக்கூட நாம் பறிக்கவில்லை. என்எஃப்எல் வரலாற்றில் எந்த அணிக்கும் நேராத சாதனை. பந்து பிடிப்பவர்களை மறிக்கும் கார்னர்களைக் குறை சொல்லும் முன் முன்வரிசையைப் பாருங்கள்: வீசுபவனுக்கு நிதானமாக நிற்க நேரம் கிடைத்தால் அவன் தவறான பந்தை வீச மாட்டான். தற்காப்பு முன்வரிசையின் நடுவில் நின்ற குவின்னன் வில்லியம்ஸ் போன பிறகு அங்கே குழி. எனவே இரண்டாவது பிக்கில் முனையிலிருந்து பாயும் எட்ஜ் வீரர். ஒஹையோ ஸ்டேட்டின் ஆர்வெல் ரீஸ், மயாமியின் ரூபன் பெய்ன் போன்றவர்கள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். 16-இல் அந்த நேரத்தில் பட்டியலில் மேலே நிற்பவர், ஆட்ட இடம் பார்க்க வேண்டாம். இரண்டாம் சுற்றின் இரண்டு பிக்கில் ஒன்று கண்டிப்பாக உள்வரிசை லைன்மேனுக்கு, தாக்குதலோ தற்காப்போ. கார்டுகளும் சென்டர்களும் அந்தச் சுற்றில் கிடைப்பார்கள். எட்ஜ் கிடைப்பது அரிது.

மருத்துவச் சோதனையைப் பற்றி ஒரு சொல். இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்னும் வீரர் சோதனை முகாமில் ஓட்டப் பந்தய நேரத்தைத்தான் தொலைக்காட்சி காட்டும். அணிகளுக்கு அங்கே உண்மையில் கிடைக்கும் செல்வம் மூட்டு, முதுகு, தோள் படங்கள். டிராஃப்டுக்கு முன் ஓர் அணி 30 பேரைத் தன் இடத்துக்கு வரவழைத்துப் பேசலாம். அந்த முப்பதை முதல் பத்துக்குள் போகும் நட்சத்திரங்களோடு படம் எடுக்கச் செலவழிக்காதீர்கள். காயக் கேள்வியோ நடத்தைக் கேள்வியோ உள்ள, இரண்டாம் மூன்றாம் சுற்றுக்காரர்களை அழையுங்கள். அங்கேதான் ஒரு மணி நேரப் பேச்சு ஒரு பிக்கைக் காப்பாற்றும்.

எடுத்த பிறகு நடக்கும் வேலைக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் முக்கியப் புகார் அதில்தான். தொழிலாளர் ஒப்பந்தப்படி பருவம் நடக்கும்போது முழுக் கவசம் அணிந்த பயிற்சி மொத்தம் 14 முறைதான் நடத்தலாம். முகாம் முடிந்த பிறகு ஒரு புதுமுக லைன்மேன் உண்மையான மோதலில் கற்க வேறு வழியே இல்லை. அந்தப் பதினான்கில் முதல் அணி எதிரணியின் ஆட்டத்துக்குத் தயாராகிவிட்டுப் போனதும், கடைசி இருபது நிமிடத்தைப் புதுமுகங்களுக்கும் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவுக்கும் ஒதுக்குங்கள். இன்னொன்று, பாடம் சொல்பவர் நிலைக்க வேண்டும். டார்னல்டுக்கு முதல் ஆண்டில் டாட் பௌல்ஸ் தலைமைப் பயிற்சியாளர், அடுத்த இரண்டில் ஆடம் கேஸ். சாக் வில்சனுக்குத் தாக்குதல் பயிற்சியாளராக மைக் லஃப்ளூர் இரண்டு ஆண்டு, பிறகு நதானியல் ஹாக்கெட். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்டத் திட்டத்தின் பெயர்கள், கால் அசைவு, பந்தை எந்த வரிசையில் யாரைப் பார்த்து வீசுவது என்பதெல்லாம் மாறும். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரு பாஷை பேசப் பழகுமுன் இன்னொரு பாஷை.

பொறுமை இல்லாதபோது என்ன செய்தோம் என்பதற்குப் பெயர் ஆரன் ராட்ஜர்ஸ், மூத்த குவார்ட்டர்பேக். 2023-இல் அவருக்காக 13-க்குப் பதில் 15-க்கு இறங்கி, 42-ஆவது பிக்கையும் ஓர் ஆறாம் சுற்றுப் பிக்கையும், 2024-இன் நிபந்தனைப் பிக்கையும் கொடுத்தோம். நான்காவது ஆட்ட நகர்வில் அவருடைய குதிகால் நாண் அறுந்தது. அவர் போதிய அளவு ஆடாததால் அந்த நிபந்தனைப் பிக் முதல் சுற்றாகாமல் இரண்டாம் சுற்றோடு நின்றது. காயம் நமக்குச் செய்த ஒரே உதவி. அவரை விடுவித்ததில் கேப்பில் சுமந்த வெற்றுச் செலவு 4.9 கோடி டாலர். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியதுபோல் ஆயிற்று, அந்தச் சோறும் வாய்க்கு வரவில்லை.

எல்லாப் பிக்கும் சேர்த்தால் போதும் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளீவ்லண்ட் 2016-இல் பின்னால் இறங்கி இறங்கி 14 பேரை எடுத்தது. அந்தப் பருவம் 1-15, அடுத்தது 0-16. இளைஞர்களை மொத்தமாகக் கொண்டுவந்து, அவர்களுக்கு வழிகாட்ட அனுபவசாலிகள் இல்லாத அறையில் விட்டால் எல்லோரும் சேர்ந்து தோற்கக் கற்றுக்கொள்வார்கள். நம்முடைய 2000 டிராஃப்ட் அதற்கு நேர் எதிர். நான்கு முதல் சுற்றுப் பிக்குகள்: ஷான் எல்லிஸ், ஜான் ஆபிரஹாம், சாட் பென்னிங்டன், ஆந்தனி பெக்ட். நால்வரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அணிக்குள் நுழைந்தார்கள். பென்னிங்டன் இரண்டு பருவம் உட்கார்ந்து பார்த்தார். 2001, 2002, 2004, 2006 என்று நான்கு முறை பிளேஆஃப். (அதே டிராஃப்டில் 199-ஆவதாக பேட்ரியட்ஸ் எடுத்த பையனின் பெயரை இந்த மடலில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.)

ஆகவே வெளிச்சந்தையில் வாங்கத்தான் வேண்டும், ஆனால் எப்படி என்பதில் ஒரு நுணுக்கம். ஒப்பந்தம் முடிந்து நம்மை விட்டுப் போகும் வீரர்களுக்கு ஈடாக லீக் அடுத்த ஆண்டு மூன்றாம் சுற்றின் முடிவிலிருந்து ஈட்டுப் பிக்குகள் தருகிறது. ஆனால் அதே சந்தையில் நாம் ஒருவரை வாங்கினால் கணக்கு ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். பழைய அணியால் ஒப்பந்தம் முறிக்கப்பட்டு வெளியே வந்தவரை வாங்கினால் கழியாது. டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு வாங்கினாலும் கழியாது. அனுபவசாலிகளை அந்த இரண்டு வழியில் தேடுங்கள். பந்தோடு ஓடும் நம் ரன்னிங் பேக் பிரீஸ் ஹாலின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அவரைச் சும்மா போகவிட்டு ஈட்டுப் பிக் வரும் என்று நம்பி, மறுவாரமே சந்தையில் நான்கு பேரை வாங்கினால் ஹாலும் இல்லை, பிக்கும் இல்லை. வைத்துக்கொள்வதென்றால் இப்போதே பேசுங்கள். இல்லையென்றால் ஃபிராஞ்சைஸ் டேக் (ஓராண்டுக்கு அவரை நம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமை) போட்டு விலைக்குக் கொடுங்கள்.

கிளென் அவர்களே, கடைசியாக உங்களுக்கு. மற்றவர்களுக்குப் புத்தகத்தில் படிக்க வேண்டிய பாடத்தை நீங்கள் டெட்ராயிட்டில் உள்ளே நின்று பார்த்தவர். 2021-இல் 3-13-1, கடைசி எண் சமநிலை. குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை விற்று இரண்டு முதல் சுற்றுப் பிக்குகள், முதல் தேர்வு சூவல், நான்காம் சுற்றில் 112-ஆவதாக அமான்-ரா செயின்ட் பிரௌன். 2022 தொடக்கத்தில் 1-6. உங்கள் தற்காப்பு லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. உங்களை அனுப்பச் சொல்லி ஊர் கத்தியது. உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் செய்தியாளர்கள் முன் வந்து, இது நேரம் பிடிக்கும் வேலை என்றார். அந்தப் பருவம் 9-8, அடுத்தது 12-5, அதற்கடுத்தது 15-2. சென்ற பருவத்தில் 0-7 என்று தொடங்கியபோது அதே ஊர்ச் சத்தத்தை இங்கே கேட்டீர்கள். உங்களை வைத்துக்கொண்டது சரி என்றே நினைக்கிறோம். உங்களுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையை ஃபஷானுவுக்கும் மெம்பூவுக்கும், ஏப்ரலில் வரப்போகிறவர்களுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டும். ஜான்சன் அவர்களே, நீங்கள் 2000-இல் இந்த அணியை வாங்கியவர். ஷீலா அம்மையார் அன்று பேசிய பேச்சை இந்த அக்டோபரில் நீங்கள் பேச வேண்டியிருக்கலாம். இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

டிராஃப்ட் ஏப்ரல் 23-இல் பிட்ஸ்பர்கில் தொடங்குகிறது. அது முடிந்த கையோடு மே தொடக்கத்துக்குள் இன்னொரு தாளில் கையெழுத்து வேண்டும்: 2023-இன் முதல் சுற்று எட்ஜ் வீரர் வில் மெக்டொனால்டின் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டு நீட்டும் ஐந்தாம் ஆண்டு உரிமை. இரண்டாவது பருவத்தில் பத்தரை சாக் எடுத்தவர். இரண்டாவது பிக்கில் இன்னொரு எட்ஜ் வீரரை எடுத்தாலும் அந்தத் தாளை விட்டுவிடாதீர்கள். மூன்றாண்டு நாம் வளர்த்த இன்னொருவர் வேறொரு ஊரில் கோப்பை தூக்குவதை எங்களால் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
ஜெட்ஸ் ரசிகர்கள்